இடது பின்னங்காலின் சொந்தக்காரர்

குதிரையில் பங்கு வாங்கப் போனவரின் காலைத்தான் முதலில் அளந்தார்கள்.

முட்டியிலிருந்து கணுக்கால் வரை ஓர் அளவு, கணுக்காலின் சுற்றளவு தனி, பாதத்தின் நீளம் தனி. ஒரு குமாஸ்தா குனிந்து அளந்து எண்களை உரக்கச் சொல்ல, மேசைக்குப் பின்னாலிருந்த இன்னொரு குமாஸ்தா எழுதிக்கொண்டார். கால்சட்டையை மடித்துவிட்டபடி நின்றவர், "இது எதுக்குங்க?" என்று கேட்டார். "விதி ஏழு சார்" என்றார் அளந்தவர். சொன்ன விதத்திலேயே, இதுகூடத் தெரியாமல் வந்துவிட்டாயா என்பது இருந்தது. விதி ஏழு என்னவென்று அடுத்துக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் பின்னால் பத்துப் பேர் வரிசையில் காத்திருந்தார்கள். எல்லாரும் கோட்டுப் போட்டவர்கள், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கேள்வி கேட்கிறவன் மட்டும் முட்டாளாகிவிடும் இடங்கள் உலகத்தில் உண்டு. அவர் பேசாமல் கையெழுத்துப் போட்டார். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். இவர் அளவும் கொடுத்துவிட்டுக் காலை விட்டார்.

அவரை எல்லாரும் கட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், எக்ஸ்ரே அறைக்கு அடுத்த அறையில், இருபத்திரண்டு வருஷமாக மாவுக்கட்டுப் போடுகிற வேலை. மாடிப்படியில் வழுக்கியவர், மோட்டார் சைக்கிளிலிருந்து பறந்தவர், மனைவியிடம் சொல்லாமல் ஏணியில் ஏறியவர் என்று எலும்பை உடைத்துக்கொண்ட எல்லாரும் கடைசியில் அவர் கைக்குத்தான் வந்து சேர்வார்கள். படம் வருவதற்கு முன்பே இங்கேதான் விரிசல் என்று சொல்லிவிடுவார். அதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. ஒரு கையை அடிபட்ட காலிலும் மறு கையை நல்ல காலிலும் ஒரே சமயத்தில் வைப்பார். எங்கே சூடு கூடுதலோ அங்கே கோளாறு. டாக்டர்களே சில நாள், "கட்டுக்காரர் என்ன சொல்றார்?" என்று கேட்டுவிட்டுத்தான் படத்தை வெளிச்சத்தில் பிடிப்பார்கள்.

இருபத்திரண்டு வருஷம் நடக்க முடியாத கால்களையே பார்த்த மனிதருக்கு, ஓடுகிற கால் ஒன்றாவது தன் பெயரில் இருக்கட்டுமே என்று ஆசை வந்தால் அதைத் தப்பென்று யாரால் சொல்ல முடியும்? காத்திருப்போர் பெஞ்சில் யாரோ விட்டுப்போன பளபளப்பான காகிதத்தில், "நீங்களும் ஒரு பந்தயக் குதிரையின் சொந்தக்காரர் ஆகலாம்!" என்று போட்டிருந்தது. குதிரை உடைமையாளர் கூட்டுச் சங்கம். நாற்பது பேர் சேர்ந்து ஒரு குதிரை.

அவருடைய மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். காகிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"நாப்பதுல ஒண்ணுன்னா உங்களுக்கு எது வரும்?"

"எல்லாத்துலயும் கொஞ்சம்."

"எல்லாத்துலயும் கொஞ்சம்னா எதுலயும் இல்லைன்னு அர்த்தம். இதைத்தான் நான் ஆறாங்கிளாஸ் பசங்களுக்கு ஒரு வருஷமா சொல்லித் தரேன்."

"ஒரு நாள் அது ஓடறப்போ, அது என் குதிரைன்னு சொல்லிக்கலாமில்ல?"

அவள் அவரைப் பார்த்தாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவர் தனக்கென்று கேட்டது இது ஒன்றுதான் என்று அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். "சரி, வாங்கிக்குங்க. ஆனா எது நம்ம பங்குன்னு எழுதி வாங்கிக்குங்க" என்றாள்.

அந்தக் கவலை வேண்டியிருக்கவில்லை. சங்கமே எழுதிக் கொடுத்தது.

பங்கு ஒதுக்கும் கூட்டம் ஒரு பெரிய கூடத்தில் நடந்தது. நாற்பது நாற்காலிகள். மேடையில் ஆளுயரத்துக்கு ஒரு குதிரைப் படம். கசாப்புக் கடையில் மாட்டியிருப்பார்களே, அதுபோல உடம்பெங்கும் புள்ளிக்கோடு போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் எண் கொடுத்திருந்தது. செயலாளர் மெலிந்த மனிதர், பேச்சு வெண்ணெய்.

"முன்னெல்லாம் எல்லாருக்கும் முழுக் குதிரையில நாப்பதுல ஒரு பங்குன்னு வெச்சிருந்தோம்" என்று ஆரம்பித்தார். "என்ன ஆச்சு? ஆளாளுக்குக் கருத்து சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. ஒருத்தர் குதிரை களைச்சிருக்குங்கறார், ஒருத்தர் அது சாப்பிடலைங்கறார். முழுக் குதிரையைப் பத்தி யோசிக்க ஒரு மனுஷனுக்கு உரிமை குடுத்தா, அவன் யோசிச்சுடறான். அப்புறம் நிர்வாகம் எப்படி நடக்கும்? அதனால பிரிச்சுட்டோம். அவங்கவங்க பங்கை அவங்கவங்க பார்த்துக்கிட்டா, குதிரை தானா நல்லா இருக்கும்."

எல்லாரும் கை தட்டினார்கள். கட்டுக்காரரும் தட்டினார். தட்டும்போதே பேச்சில் ஏதோ இடறியது, என்னவென்று பிடிபடவில்லை.

தலை, விதிப்படி சங்கத் தலைவருக்குப் போனது. ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவருக்கு வால். பல் டாக்டர் ஒருவர் பல்லைக் கேட்டு விண்ணப்பம் போட்டிருந்தார். பல் தலையோடு சேர்ந்தது என்று சொல்லி அவருக்கு வலது பின்னங்காலைக் கொடுத்தார்கள். அதற்கு மறுபக்கம், இடது பின்னங்கால், முட்டிக்குக் கீழே குளம்பு வரை, கட்டுக்காரருக்கு. அவருக்கு உள்ளூரக் குளிர்ந்துவிட்டது. நாற்பது பங்கில் கால் தமக்கே வந்ததே!

"உங்க அதிர்ஷ்டம் சார். இடது பின்னங்கால் போன மாசம்தான் காலியாச்சு" என்றார் செயலாளர்.

"முன்னால யார் வெச்சிருந்தாங்க?"

"அது போன குதிரை. அவர் இப்ப இல்லை."

"வெளியூர் போயிட்டாரா?"

"இல்லைன்னு சொன்னேன் சார்" என்று செயலாளர் சிரித்துக்கொண்டே அடுத்தவரின் கையைக் குலுக்கப் போனார்.

சங்கத்தில் எதற்கும் ஒரு முறை இருந்தது. 'என் குதிரை' என்று யாரும் சொல்லக் கூடாது, 'என் பங்கு' என்றுதான் சொல்ல வேண்டும். தவறிப்போய்ச் சொன்னால் மேசை மேலிருக்கும் மணியை அடிப்பார்கள். சொன்னவர் எழுந்து போய், கூட்டம் முடியும்வரை சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். முதல் கூட்டத்திலேயே வயிற்றுப் பகுதி வைத்திருந்த ஒரு மர வியாபாரி உற்சாகத்தில் உளறிவிட்டு நின்றார். அடுத்த கூட்டத்தில் அவருடைய நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். 

குதிரைக்குப் பெயரும் இல்லை. பெயர் சூட்டும் துணைக்குழு மூன்று வருஷமாகக் கூடிக்கொண்டிருந்தது. அதுவரை பந்தயப் பட்டியலில் பெயர் என்ற இடத்தில் 'பரிசீலனையில்' என்று போட்டார்கள். அந்தப் பெயரிலேயே போன குதிரை இரண்டு பந்தயம் ஓடி, ஒன்றில் ஜெயித்தும் இருந்தது. லாயத்தில் இந்தக் குதிரையைக் குளிப்பாட்டித் தீனி வைக்கும் லாயக்காரர் மட்டும் 'செல்லம்' என்று கூப்பிடுவாராம். அவருக்குப் பங்கு கிடையாது என்பதால் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை.

பந்தயத்துக்கு ஒன்பது நாள் முன்னால் பங்கு பார்க்கும் நாள் வந்தது. கட்டுக்காரர் தலைக்குக் குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு லாயத்துக்குப் போனார். அங்கே குதிரையைக் காணோம். தரையிலிருந்து கூரை வரை ஒரு பச்சைக் கித்தான் திரைதான் தொங்கியது. அதில் உயரத்துக்கு ஒன்றாகத் துவாரங்கள் வெட்டி, எண் தைத்திருந்தார்கள். அவரவர் பங்கை அவரவர் துவாரம் வழியாகப் பார்க்கலாம், தொடலாம், மூன்று நிமிஷம். அடுத்தவர் பங்கை எட்டிப் பார்ப்பது அத்துமீறல். குருடர்கள் யானையைத் தடவிப் பார்த்த கதையில் அவர்களுக்குக் கண் இல்லை. இங்கே எல்லாருக்கும் கண் இருந்தது, சங்கமும் இருந்தது.

கட்டுக்காரர் மண்டியிட்டுத் தன் துவாரத்தில் குனிந்தார். பழுப்பு நிறம். குளம்புக்கு மேலே நாலு விரல் அகலத்துக்கு வெள்ளை, காலுறை போட்டதுபோல. அவ்வளவு அழகான காலை அவர் பார்த்ததில்லை.  மெள்ளக் கையை நீட்டித் தொட்டார்.

சூடு.

கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். தொழில் பழக்கத்தில் மறு கை தானாக நல்ல காலைத் தேடிப் போய்த் திரையில் முட்டிக்கொண்டது. பக்கத்துத் துவாரத்தில் மண்டியிட்டிருந்த பல் டாக்டரிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்: "டாக்டர், உங்க காலைத் தொட்டுப் பாருங்க. சுடுதா?"

"ஜில்லுனு இருக்கே. ஏன்?"

கட்டுக்காரர் கட்டைவிரலால் குளம்புக்கு மேலிருந்த எலும்பை மேலிருந்து கீழே மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் கால் வெடுக்கென்று விலகியது. திரைக்குப் பின்னால் எங்கோ உயரத்தில் ஒரு நீண்ட மூச்சு கேட்டது. அப்புறம் அந்தக் கால் தரையில் ஊன்றவே இல்லை, குளம்பின் நுனி மட்டும் மண்ணைத் தொட்டுக்கொண்டு நின்றது.

திரை ஓரத்திலிருந்து லாயக்காரர் கிசுகிசுத்தார். "நாலு நாளா இப்படித்தான் சார். ராத்திரியில மூணு கால்லயே நிக்குது."

"சொல்லலையா நீங்க?"

"நான் சொன்னா எடுபடாது சார். எனக்குத்தான் பங்கு இல்லையே. நீங்க கால்காரர். நீங்க சொல்லுங்க."

விரிசல். மயிரிழை விரிசல், அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. கட்டுப் போட்டு, இரண்டு மூன்று மாதம் ஓய்வு கொடுத்தால் சேர்ந்துவிடும். அந்தக் காலை வைத்துக்கொண்டு ஓடினால் முதல் வளைவிலேயே ஒடியும். ஒடிந்தால் குதிரைக்கு என்ன செய்வார்கள் என்பது அவருக்கும் தெரியும். ஒன்பது நாள் இருந்தது.

மறுநாள் காலையில் செயலாளரின் அறை வாசலில் நின்றார். செயலாளர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"அப்போ, உங்க பங்கு மேல நீங்களே புகார் குடுக்கறீங்க."

"புகார் இல்லைங்க. டாக்டரை வெச்சு ஒரு படம் எடுத்தா போதும்."

"டாக்டர் முழுக் குதிரைக்குத்தான் சார். ஒரு காலுக்குன்னு தனியா கூப்பிடணும்னா மீதி முப்பத்தொம்பது பேரும் சம்மதிக்கணும். வால் சம்மதிக்கணும். வால் வெளியூர் போயிருக்கார்."

"சார், கால் ஒடிஞ்சா குதிரையே போயிடும்."

செயலாளரின் முகத்தில் உண்மையான அக்கறை தெரிந்தது. "பார்த்தீங்களா, நீங்க இப்போ குதிரையைப் பத்திப் பேசறீங்க. உங்களுக்கு ஒதுக்கினது கால். ஆசைப்படறது தப்பில்லை, அளவு வேணும். நான் உங்க நல்லதுக்குச் சொல்றேன். குதிரையைப் பத்திக் கவலைப்பட்டவங்க யாரும் சங்கத்துல நிலைச்சதில்லை."

"பின்னே இந்தக் கால் நல்லா இருக்கா இல்லையான்னு யார்தான் சொல்றது?"

"விதி ஏழுதான் இருக்கே!" என்று செயலாளர் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்ததைக் காட்டினார். பங்கும் பங்குதாரரும் ஒன்றே. ஒன்றின் தகுதி மற்றொன்றின் தகுதியாகக் கொள்ளப்படும். "வர்ற புதன்கிழமை தகுதிக் குழு கூடுது. நீங்க வந்து நடந்து காட்டணும். நீங்க நல்லா நடந்தா கால் நல்லா இருக்குன்னு அர்த்தம்."

வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி முதலில் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திவிட்டாள். விடைத்தாள் கட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, "அப்போ நொண்டுங்க" என்றாள்.

"என்னது?"

"நீங்க நல்லா நடந்தா கால் நல்ல கால். நீங்க நொண்டினா கால் கெட்ட கால். அவங்க கணக்கையே அவங்களுக்குப் போட்டுக் காட்டுங்க."

நாலு நாள் அவர் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே நொண்டிப் பழகினார். பழக என்ன இருக்கிறது? இடது கீழ்க்காலில் விரிசல் விட்டவன் எப்படிக் குதிகாலை ஊன்றத் தயங்குவான், தோளை எப்படிச் சாய்ப்பான், எந்த அடியில் உதட்டைக் கடிப்பான் என்று அவரைப்போல் தெரிந்தவர் யாருமில்லை. மனைவி ஒரு தடவை பதறிப்போய், "நிஜமாவே வலிக்குதா?" என்று கேட்டுவிட்டாள்.

புதன்கிழமை தகுதிக் குழு நீளமான ஒரு தாழ்வாரத்தின் கோடியில் உட்கார்ந்திருந்தது. நடுவில் தலைவர், ஒரு பக்கம் ஊரிலிருந்து திரும்பிவிட்ட நீதிபதி, மறு பக்கம் செயலாளர். தாழ்வாரத்தின் மறுகோடியிலிருந்து கட்டுக்காரர் அவர்களை நோக்கி நொண்டிக்கொண்டு வந்தார். அன்றைக்கு அவர் நொண்டிய நொண்டலைப் பார்த்திருந்தால் கல்லும் ஒரு நாற்காலி போட்டிருக்கும். தலைவர்கூடக் கண்ணைத் திறந்து பார்த்தார்.

குழு தலைகளைக் கூட்டி ஆலோசித்தது. நீதிபதி தொண்டையைக் கனைத்தார். "நொண்டல் இருக்கிறது. மறுப்பதற்கில்லை. வலது காலில் இருக்கிறது."

"ஐயா, இது இடது கால்" என்று கட்டுக்காரர் தொடையைத் தட்டிக் காட்டினார்.

"உங்களுக்கு இடது. குழு உங்களுக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறது. குழுவுக்கு அது வலது. சங்கம் குழுவின் கண்ணால்தான் பார்க்கும்."

"சரிங்கய்யா, வலதுன்னே வெச்சுக்குங்க. ஒரு பின்னங்கால் சரியில்லை. அப்பவும் குதிரை ஓடக் கூடாதில்லையா?"

"வலது பின்னங்காலின் பங்குதாரர் காலையிலேயே நன்றாக நடந்து காட்டித் தகுதி பெற்றுவிட்டார். ஆகவே வலது நன்றாக இருக்கிறது. இடதில் நொண்டல் எதுவும் குழுவின் பார்வைக்கு வரவில்லை. ஆகவே இடதும் நன்றாக இருக்கிறது." நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "எஞ்சியிருப்பது ஒன்றுதான். பிறருடைய பங்கை அவர் அனுமதியில்லாமல் நொண்டியிருக்கிறீர்கள். இந்த முறை எச்சரிக்கையோடு விடுகிறோம்."

"இருபத்திரண்டு வருஷமா கால் பார்க்கறேன் ஐயா. கெஞ்சிக் கேக்கறேன், ஒரு தடவை படம் எடுங்க. பாவம், அது வாயில்லாத ஜீவன்."

"வாய் தலைவருடைய பங்கு" என்றார் நீதிபதி. தலைவர் ஆமோதித்துத் தலையாட்டினார்.

வெளியே வந்தபோது அந்தப் பழைய குமாஸ்தா அளவு நாடாவோடு காத்திருந்தார். "கால்சட்டையைக் கொஞ்சம் மடிச்சுக்குங்க சார். மறு அளவு." இந்த முறை இடது காலை மட்டும்தான் அளந்தார்.

பந்தய நாளன்று கட்டுக்காரர் தன் தோல்பையில் மாவுத்துணிச் சுருள்கள், பஞ்சு, எலும்புக்கு அணைகொடுக்கும் கட்டைகள் எல்லாவற்றையும் நிரப்பி எடுத்துக்கொண்டு போனார். எதற்கென்று அவருக்கே தெளிவாகத் தெரியாது. வெறுங்கையோடு போக மனம் வரவில்லை. வேலி ஓரத்தில் ஆறடி உயரத்துக்கு ஒரு பச்சைத் திரை, சட்டங்களில் கட்டி, மடித்துச் சாய்த்து வைத்திருந்தது. பக்கத்தில் இரண்டு பேர் நின்று எதையோ கொறித்துக்கொண்டிருந்தார்கள்.

"அது எதுக்கு?" என்று லாயக்காரரைக் கேட்டார்.

"குதிரை விழுந்தா சுத்தி நிறுத்துவாங்க சார். ஜனங்க பார்க்கக் கூடாதில்ல. அது எப்பவும் தயாரா இருக்கும்" என்று சொன்ன லாயக்காரருக்குக் கண் கலங்கியிருந்தது.

பங்குதாரர்களைக் குதிரையின் உடம்பு வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். முன்னால் தலை, கடைசியில் வால். கட்டுக்காரர் பல் டாக்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தூரத்தில் ஏழு குதிரைகள் விரல் நீளத்துக்குத் தெரிந்தன. சங்கத்தின் குதிரையான மூன்றாம் எண்ணை முழுசாக அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை, அதுவும் விரல் நீளத்துக்கு.

ஓட்டம் ஆரம்பித்தது. ஒலிபெருக்கி கத்தியது: "மூன்றாம் எண், பரிசீலனையில்! முன்னால் வருகிறது பரிசீலனையில்!" முப்பத்தொன்பது பேரும் எழுந்து குதித்தார்கள். "கழுத்து! என் கழுத்து நீளுது பாரு!" என்றார் ஒருவர். "முதுகு அசையவே இல்லை!" என்றார் ஒருவர். நீதிபதி, "வால் பிரமாதம்" என்று அடக்கமாகச் சொன்னார். கட்டுக்காரர் மட்டும் உட்கார்ந்து தன் இடது முட்டியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். கெட்டதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பதைப்போல ஒரு கொடுமை கிடையாது.

முதல் வளைவு. குதிரை இருந்த இடத்தில் புழுதி இருந்தது.

கூட்டம் ஓவென்றது, பிறகு ஓய்ந்தது. திரைக்காரர்கள் இரண்டு பேரும் கொறித்துக்கொண்டிருந்ததைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். குதிரை டாக்டர் பெட்டியோடு போய்ப் பார்த்துவிட்டு வேலியருகே வந்து கூப்பிட்டார்.

"இந்தக் குதிரையோட சொந்தக்காரர் யாரு? உடனே ஒரு முடிவு சொல்லணும். அது துடிக்குது."

ஒருவரும் அசையவில்லை. "என் பங்குக்கு ஒண்ணும் ஆகலை" என்றார் கழுத்து. "என்னுதும் நல்லாத்தான் இருக்கு" என்றார் முதுகு. தலைவர் ஒலிபெருக்கிப் பக்கம் பார்த்தார். பல் டாக்டர் தன் வலது காலை மெல்ல நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டார். செயலாளர் எழுந்து, "நாப்பது பங்குல முப்பத்தொம்பது நல்ல நிலையில இருக்குங்கறதை முதல்ல பதிவு பண்ணிக்கணும்" என்று ஆரம்பித்தார்.

கட்டுக்காரர் பையை எடுத்துக்கொண்டு வேலியைத் தாண்டினார்.

"நீங்க யாரு?"

"என் குதிரை" என்றார். "இது என் குதிரை. தள்ளுங்க."

மணி எதுவும் அடிக்கவில்லை.

திரைக்குள் லாயக்காரர் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருந்தார். கட்டுக்காரர் காலைப் பார்த்தார். ஒரு பார்வை போதும். எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு மூன்றிடத்தில் வெளியே வந்திருந்தது. உலகத்திலிருக்கும் மாவையெல்லாம் கொட்டினாலும் அது இனிச் சேராது. பையைத் திறக்காமலே கீழே வைத்தார். அப்புறம் எழுந்து, யாருடைய அனுமதியும் இல்லாமல், வயிற்றையும் முதுகையும் கழுத்தையும் தாண்டி நடந்து போய் அதன் முகத்துக்கு எதிரே உட்கார்ந்தார். நெற்றியில் ஒரு பொட்டு வெள்ளை இருந்தது. இத்தனை நாளாக அது அவருக்குத் தெரியாது. பெரிய கருத்த கண். அது அவரைப் பார்த்தது. அவருக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

"ஒன்பது நாளுக்கு முன்னாலேயே தெரியும்டா எனக்கு" என்று அதன் காதில் சொன்னார். "சொன்னேன், கேக்கலை. நான் கத்தியிருக்கணும். திரையைக் கிழிச்சிருக்கணும். விதியைப் பார்த்துட்டு நின்னுட்டேன். மன்னிச்சுடு செல்லம்."

குதிரை டாக்டர் பெட்டியைத் திறந்துவிட்டு அவரைப் பார்த்தார். கட்டுக்காரர் தலையசைத்தார். துப்பாக்கிச் சத்தம் சின்னதாகத்தான் இருந்தது.

வெளியே வந்தபோது செயலாளர் அவருடைய தோளில் ஆதரவாகக் கை வைத்தார். இரண்டு குமாஸ்தாக்களும் நோட்டோடு நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் முப்பத்தொன்பது பேர்.

"மனசு கஷ்டமாத்தான் இருக்கும் சார். உள்ளே போறப்போ டாக்டர்கிட்ட ஒண்ணு சொன்னீங்களே, அது என்ன?"

"என் குதிரைன்னு சொன்னேன்."

"முழுசாவா?"

"ஆமா. முழுசா. உங்க ஒருத்தருக்கும் வேண்டாம்னா, முழுசா என்னுது."

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க சார். எழுதிக்கணும்."

அவர் சத்தமாகவே சொன்னார். முப்பத்தொன்பது பேரும் ஒரே சமயத்தில் மூச்சு விட்டார்கள். பிறகு வரிசையாக வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். பல் டாக்டர் மட்டும் அவர் முகத்தைப் பார்க்காமல் போட்டார்.

பத்து நாள் கழித்துச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. மனைவி உரக்கப் படித்தாள். குதிரையின் மறைவுக்குச் சங்கம் வருந்துகிறது. கோளாறு தெரிந்தும் குதிரையை ஓடவிட்டவர், தம் வாயாலேயே ஒப்புக்கொண்டபடி, அதன் முழு உரிமையாளரே. மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் புதுக் குதிரையில் பங்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. பெயர் சூட்டும் துணைக்குழு தொடர்ந்து இயங்கும். இடது பின்னங்காலைப் பொறுத்தவரை, விதி ஏழின்படி எஞ்சிய நடவடிக்கை விரைவில் எடுக்கப்படும்.

"எஞ்சிய நடவடிக்கைன்னா என்னங்க?"

அவர் கட்டிலை நோக்கி நடந்தார். அன்று காலையிலிருந்து அவர் நொண்டிக்கொண்டிருந்தார். பழகினது விடவில்லை என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். பட்ட காலிலே படும் என்பார்கள். இவருக்கு எங்கேயும் படவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, ஒரு கையை இடது காலிலும் மறு கையை வலது காலிலும் ஒரே சமயத்தில் வைத்துப் பார்த்தார். வலது கால் ஜில்லென்று இருந்தது.

அழைப்பு மணி அடித்தது.

மனைவி போய்க் கதவைத் திறந்தாள். வாசலில் அளவு நாடாக்கார குமாஸ்தாவும், நோட்டுக்கார குமாஸ்தாவும், பெட்டியோடு ஒருவரும் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் படிக்கட்டில் இரண்டு பேர், பச்சைத் திரை ஒன்றை மடித்துச் சுவரில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு எதையோ கொறித்தார்கள்.

"வணக்கம்மா. எந்த ரூம்ல வெளிச்சம் நல்லா இருக்கும்?" என்று அளவு நாடாக்காரர் மரியாதையாகக் கேட்டார்.

அவளுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. கடிதத்தின் கடைசி வரி நினைவு வந்து, புரிந்ததும் கதவின் இரு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டு குறுக்கே நின்றாள். பதினெட்டு வருஷத்தில் கணவரைப் பற்றி அவள் இப்படி ஒரு நாளும் சொன்னதில்லை.

"யாரும் உள்ளே வரக் கூடாது. இங்கே பங்கும் கிடையாது, விதியும் கிடையாது. அவர் கால், கை, தலை எல்லாம் முழுசா என்னுது."

நோட்டுக்காரர் பேனா மூடியைக் கழற்றினார்.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்கம்மா" என்றார். "எழுதிக்கணும்."